கிழக்கே பலாமரம்

அடியே,

புதூர்நாடு பஸ் மூன்றாவது வளைவில் திரும்பும்போது என் பைக்குள்ளிருந்து உன் வாசனை வந்தது. அத்தர் என்று நினைத்து மகிழ்ந்துவிடாதே. ஸ்டாம்ப் பேடு. நீ கைக்குட்டையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அதையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, கைக்குழந்தையைப் போல மலைக்கு ஏற்றி இறக்கினாயே, அதே தகர டப்பா. நான் அதைச் சும்மா பையில் போட்டேன். டிபன் பாக்ஸ் இடித்து மூடி திறந்துகொண்டது. உள்ளே கையை விட்டேன். ஐந்து விரலும் ஊதா.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாமா, நாவப்பழமா? நசுங்கிப்போச்சு போல."

"இல்லீங்க. கைநாட்டு வெக்கிற மை."

"அதுக்கு இன்னாத்துக்கு அஞ்சு வெரலு?"

நீ இருந்திருந்தால் அடுத்த வளைவு வரைக்கும் சிரித்திருப்பாய்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தபோது உன் மகள் இந்த டப்பாவை என் கையில் வைத்தாள். "அம்மி இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பாங்க, ஆன்ட்டி" என்றாள். "சொன்னாளா?" என்று கேட்டேன். "சொல்லல. ஆனா சொல்லியிருப்பாங்க." இது சாட்சியமாக நிற்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கிக்கொண்டேன். மை காயும்போதெல்லாம் இரண்டு சொட்டு ஊற்றி உயிரோடு வைத்திருக்கிறேன். இன்று ஊற்றியதுதான் கொஞ்சம் கூடிப்போயிற்று.

இப்போது மணி இரண்டரை. இறங்குகிற பஸ் நாலு மணிக்குத்தான். பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்னறையில், நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்த அதே காலாடும் மேஜையில் இதை எழுதுகிறேன். வாசல்படியில் சடையப்பன் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸுக்கு அல்ல, அவர் எந்த பஸ்ஸிலும் போகிறவர் இல்லை. பஸ் வருவதைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மல்லிகாவின் நிலம் என்ன ஆயிற்று என்று தெரியாமலே நீ போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எடுத்தவுடன் சொல்லமாட்டேன். எந்தத் தீர்ப்பைக் கையில் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. இன்றைக்காவது பொறு.

எல்லாம் என் கடையில் ஆரம்பித்தது. திருப்பத்தூரில், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு நான். மனு, பத்திரம், உறுதிமொழி எல்லாம் அடித்துத் தரப்படும். எப்போதாவது பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவள் என்பதால் என் மனுக்களுக்கு அந்தச் சந்தில் தனி மரியாதை. "அந்தம்மா அடிச்சுக் குடுத்தா அதிகாரி கண்ணு கலங்கிடும்" என்பார்கள். எந்த அதிகாரி கலங்கினாரோ, எனக்குத் தெரியாது. என் மனுவை நானே படித்து நான் கலங்கியதுண்டு.

நீ அன்று வந்தது சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப. வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்ததற்குக் காரணம், உன் ஊரில் நிரப்பினால் மையின் ஈரம் காய்வதற்குள் உன் அண்ணன்களுக்குச் சேதி போய்விடும். நாற்பத்திரண்டு வயது, கணவர் இல்லை, கல்யாண வயதில் ஒரு மகள். தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களுக்குப் பி.எஃப். படிவம் நிரப்பிக் கொடுத்தே உன் மதியங்கள் போயிருந்தன. "நெரப்பினது போதும்ங்க, இனிமே கேக்கணும்" என்றாய். நான் பிரிண்ட் கொடுத்தபோது கைதவறி இரண்டு படிவம் விழுந்தது. "ஒண்ணு வேஸ்ட்டுங்க" என்றேன். "வேஸ்ட் பண்ணாதீங்க. நீங்க நெரப்புங்க" என்றாய்.

என் சட்டப் படிப்பின் அஸ்திவாரம் அவ்வளவுதான். ஒரு தாள் வீணாகக் கூடாது. நீ எனக்கு 'ங்க' போட்டதும் அன்று ஒருநாள்தான். மறுவாரமே 'ஏய் டைப்பு' ஆகிவிட்டேன்.

முதல் நாள் வகுப்பில் நாம் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் பெருந்தன்மையாகக் கையசைத்து உட்காரச் சொன்னேன். நீ என் இடுப்பில் கிள்ளிக் கடைசி பெஞ்சுக்கு இழுத்துப் போனாய். உண்மையான ஆசிரியர் வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் நம்மைவிட இளையவர். வருகைப் பதிவில் நம் பெயருக்குப் பின்னால் மட்டும் 'மேடம்' என்று சேர்த்துக் கூப்பிட்டார், பாவம், மூன்று வருஷமும்.

படிப்போடு சேர்த்துச் சில வாரங்கள் இன்டர்ன்ஷிப் போகவேண்டும், டைரி எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்றார்கள். முதல் இன்டர்ன்ஷிப் ஒரு மூத்த வக்கீலிடம். அவர் ஆபீஸில் நம் வேலை கட்டுகளைத் தூக்குவது, வாய்தா தேதியைக் குறிப்பது, அவர் ஜோக்குக்கு முதலில் சிரிப்பது. மூன்றாவதில் நான் தேர்ந்தவள். இதில் ஒரு வேடிக்கை, வழக்காடிகள் எல்லாரும் நம்மைத்தான் பெரிய வக்கீல் என்று நினைத்தார்கள். நரைத்த தலையும் கருப்புக் கோட்டும் சேர்ந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? ஒருநாள் ஒரு பெரியவர் என் காலைத் தொடக் குனிந்தார். நானும் தடுக்காமல் நின்றேன். ஒரு நொடிதான். நீ பின்னாலிருந்து, "ஐயா, இவங்க இன்னும் பாஸே பண்ணல. எழுந்திருங்க" என்றாய். அந்தப் பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு வலிக்கிறது.

அங்கேதான் உன் வியாதி முதலில் தெரிந்தது. நிஜ வியாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இது வேறு. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் கட்சிக்காரம்மா கைநாட்டு வைக்க விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நீ பேடை மூடிவிட்டு, "ஒரு நிமிஷம்மா, இதுல இன்னா எழுதியிருக்குன்னு கேளுங்க" என்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாய். சீனியர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்படி ஒவ்வொருத்தருக்கும் படிச்சிக்கினு இருந்தா நான் எப்ப கோர்ட்டுக்குப் போறது?"

"சார், அவங்க வெரல வெக்கிறது இதுக்குக் கீழதான?"

அவர் அன்று மாலை என்னிடம் மட்டும், "உங்க ஃப்ரெண்டு பொழைக்க மாட்டாங்க" என்றார். நான் அதை உடனே உன்னிடம் வந்து சொல்லிவிட்டேன். வம்பு என் வயிற்றில் தங்காது என்று உனக்குத் தெரியுமே. நீ பை நிறைய இருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டு, "அவரு சொன்னது சரிதான்டி" என்றாய். அதற்கு இன்னொரு அர்த்தம் இருந்ததென்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது இன்டர்ன்ஷிப்புக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சென்னைக்குப் பறந்தார்கள். எனக்கும் சென்னை ஆசைதான். கண்ணாடிக் கதவு, ஏசி, லிஃப்டில் போகும்போது முகத்தைச் சரிசெய்துகொள்ளக் கண்ணாடி. நீ இலவச சட்ட உதவி மையத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். எனக்கும் சேர்த்து. "அரே, ஏசிதான வேணும்? மலைக்கு வா. கரண்ட்டு பில்லே வராது."

வாரத்தில் ஒருநாள் மலைமேல் இந்த அறை. சுவரில் ஒரு காலண்டர், மேஜை ஒன்று, நாற்காலி மூன்று, அதில் ஒன்றுக்கு முதுகு கிடையாது. போர்டு எழுத ஏற்பாடு இல்லாததால் உன் கருப்புக் குடையை வாசல் ஆணியில் மாட்டுவாய். குடை தொங்கினால் வக்கீலம்மாக்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊருக்கு அர்த்தம். ஜீப் டிரைவர்கள் போகிற ஊரிலெல்லாம் சொல்லிக்கொண்டே போவார்கள்: "கொடை மாட்டிக்கீது, போறவங்க போங்க."

அப்படித்தான் மல்லிகா வந்தாள். ஜீப் போகிற கடைசி ஊருக்கும் அப்பால் ஒரு மணி நேர நடை. கணவன் இறந்துபோனவள். சரிவில் இரண்டு ஏக்கர், சாமையும் கொஞ்சம் கொள்ளும் போடுகிறாள். காகிதம் ஒன்றுமில்லை. அந்தச் சரிவில் வனத்துறைக்காரர்கள் மரக்கன்று நடக் குழி தோண்டப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

"குழி தோண்டிட்டா நான் எங்க வெதைக்கிறது? குழிக்குள்ளயா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

காட்டுக்குள் காலங்காலமாக உழுது வருகிற பழங்குடிகளுக்கு அந்த நிலத்தின்மேல் உரிமை தருகிற சட்டம் இருக்கிறது. கிராம சபையில் மனு வைக்கவேண்டும். காகிதம் இல்லாதவர்களுக்கு, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லி எழுதிய வாக்குமூலமும் ஒரு சான்று. நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். நீ அவளிடம் அதைச் சொன்னபோதுதான் எனக்கே புரிந்தது. "உங்க ஊர்ல ரொம்ப வயசானவர் யாரு?" என்று கேட்டாய். மல்லிகா யோசிக்கவே இல்லை. "சடையப்பன். சாவே மாட்டேங்கறாரு."

அடுத்த வாரம் சடையப்பனின் வாக்குமூலத்தை எழுத வேண்டிய நாளில் நீ வரவில்லை. போனில், "வயித்துல கேஸ்டி. நீ போய் எழுதிக்கினு வந்துடு" என்றாய். நான் போனேன். அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நான் சிகரெட் அட்டை அளவு காகிதத்தில் நாலு வரி குறித்துக்கொண்டேன். மீதியைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். இருபது வருஷமாய் மனு அடித்த கை இது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நீ பலமுறை திட்டியிருக்கிறாய். புதிதாக யாரும் அடிப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, ஊரை மாற்றி, அச்செடுப்போம். அன்று நான் திறந்தது அடிவாரத்தில் யாரோ புளியந்தோப்பு விற்ற பத்திரம். அதன் நான்கெல்லை அப்படியே இருந்துவிட்டது. அது போதாதென்று மேலே என் கைவரிசை. 'இயற்கை அன்னையின் மடியில் தொன்றுதொட்டு, வழிவழியாக, எவ்வித இடைஞ்சலுமின்றி, கானகத்தின் காவலர்களாய் வாழ்ந்துவரும்...' என்று போகும். அடித்து முடித்து நான் கண் கலங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மறுவாரம் மலை ஏறியபோது சடையப்பனுக்குப் படித்துக் காட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிராம சபை அன்று நீ வந்திருந்தாய், கொஞ்சம் இளைத்து. பஞ்சாயத்துச் செயலாளர் வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். 'இயற்கை அன்னை'யிலேயே இரண்டு பேர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் தாடையை லேசாக உயர்த்திக்கொண்டேன். 'கிழக்கே புளியமரம்' என்று அவர் படித்ததும் பின்வரிசையிலிருந்து சடையப்பன் எழுந்தார்.

"யோவ், நிறுத்து. இது யாரு சொன்னது?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க, பெரியவரே. கைநாட்டு கீது."

"வெரலு என்னுதுதான். வாயி என்னுது இல்ல. மல்லிகா காட்டுக்குக் கெழக்கால நான் பொறந்ததுலேர்ந்து பலாமரம்தான் நிக்கிது. வேற எவன் காட்டையோ எழுதிக்கினு வந்து என் வெரல வாங்கிக்கினு போயிருக்குது இந்தம்மா!"

ஊரே சிரித்தது. எவ்வளவோ சிரிப்புக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. சபையில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று நீ. இன்னொன்று மல்லிகா. மனுவைத் திருத்தி அடுத்த சபையில் வைக்கச் சொல்லி ஒத்திப்போட்டார்கள். அடுத்த சபைக்கு மாதக்கணக்கு இருந்தது. "அதுக்குள்ள குழி வெட்டிட்டா?" என்று மல்லிகா பொதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, தலைச்சுமையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

இறங்குகிற பஸ்ஸில் நான் நடந்ததை ஒரு ஜோக்காக மாற்ற இரண்டு முறை முயன்றேன். கடைசி வளைவில்தான் வாயைத் திறந்தாய்.

"ஊரு சிரிக்கணும்னு உனக்கு ஆசை. சிரிச்சிடுச்சு."

பிறகு, "அவரு சொன்னத அவரு சொன்ன மாதிரி எழுதறதுல நமக்கு இன்னாடி கேடு?" என்றாய்.

இரண்டாவதாகக் கேட்டதற்குத்தான் எனக்குக் கண்ணீர் வந்தது. இந்த முறை என் எழுத்தைப் படித்து அல்ல.

மறுவாரம் நீயும் நானும் மல்லிகாவின் காட்டுக்கே நடந்து போனோம். நீ வழியில் ஐந்து இடத்தில் உட்கார்ந்தாய். 'காட்சி நல்லா இருக்குடி' என்று ஒவ்வோர் இடத்திலும் சொன்னாய். ஓர் இடத்தில் எதிரே வெறும் பாறைதான் இருந்தது. நான் அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

பலாமரத்தடியில் சடையப்பனை உட்காரவைத்தாய். அவர் ஒரு வாக்கியம் சொல்வார். நீ எழுதுவாய். எழுதியதைத் திருப்பிப் படிப்பாய். அவர் 'ம்' என்று சொல்லும்வரை அடுத்த வாக்கியத்துக்குப் போகமாட்டாய். சில இடத்தில், "அப்பிடி இல்லம்மா" என்பார். பழைய எழுத்து மறையும்படி அடிக்க மாட்டாய். கோடு போட்டு, மேலே திருத்தி, ஓரத்தில் சின்னதாய்க் கையெழுத்துப் போடுவாய். மூன்று மணி நேரம். கிடைத்தது ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்:

'இந்தப் பலாமரம் மொத காய் காய்ச்சப்ப மல்லிகா மாமியாளுக்கு வாய் நெறைய பல்லு இருந்துச்சு; பல்லு போச்சு, அவளும் போயிட்டா, மரம் காய்ச்சிக்கினுதான் கீது.'

நிலம் எத்தனை காலமாய் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது என்பதை இதைவிட யாரால் சொல்லமுடியும்? இருபது வருஷத்தில் அப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை. அன்று நீ கேட்காமல் விட்டிருந்தால், அதைக் கேட்டுமிருக்க மாட்டேன். சில வாரம் முன்பு எனக்கும் அவர் இதைத்தான் சொல்லியிருந்தார். என் நாலு வரிக் குறிப்பில் 'பல் - மாமியார் - வேண்டாம்' என்று எழுதியிருந்தேன்.

முடிந்ததும் இந்த டப்பாவைத் திறந்தாய். அவர் விரலைப் பிடித்து, உருட்டி, எடுத்து, உன் கைக்குட்டையாலேயே மையைத் துடைத்துவிட்டாய். "இப்ப வாயும் என்னுது, வெரலும் என்னுது" என்றார் சடையப்பன்.

அடுத்த கிராம சபையில் மனு நிறைவேறியது. குழி தோண்ட யாரும் வரவில்லை. வந்தால் தடுக்க ஊரே அந்தத் தீர்மானத்தின் நகலை மடித்து மடியில் வைத்திருந்தது. கோப்பு மலையிறங்கி மேல் கமிட்டிக்குப் போனது. நாமும் பரீட்சை எழுதி, பாஸாகி, சென்னைக்குப் போய், வெயிலில் கருப்பு கவுனுக்குள் வெந்து, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டோம். உன் பெரியண்ணன் ஒரு தோல் கம்பெனியின் சட்டப் பிரிவில் உனக்கு இடம் பேசி வைத்திருந்தார். கீழ்த்தளம், லிஃப்ட் கூட ஏறவேண்டாம் என்று அவர் ஏன் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று நான் யோசித்திருக்கலாம். நீ மறுத்ததும் அவர் என்னிடம் போனில், "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார். நான் சொன்னேன். நான் மட்டும் என்ன, எனக்கு நோட்டரி ஆகவேண்டும் என்று கனவு. உட்கார்ந்த இடத்தில் சீல் குத்தலாம். நீ கேட்டாய்: "அந்தக் கம்பெனிக்குக் கேக்கறதுக்கு ஆளு கீதுடி. மல்லிகாவுக்கு யாரு கீறாங்க? கொடைதான்."

எட்டு மாதம் வக்கீலாக இருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை காலை உன் மகள் போன் செய்தாள்.

இதயத்தில் கோளாறு என்றும், மலையெல்லாம் ஏறக்கூடாது என்றும் டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆயிற்றாம். அதாவது, என் கடைக்கு நீ விண்ணப்பம் நிரப்ப வந்ததற்கு மறுவருஷமே. 'கேஸ்' என்று சொல்லிச் சொல்லி நீ முழுங்கிய மாத்திரைகளைப் பற்றி நான் ஒரு கட்டுரை கூட எழுதியிருக்கிறேன், 'என் தோழியின் வாயு' என்று. அதைப் படித்து நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கோர்ட்டுச் சந்தில் யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று தேதியோடு சொல்லுகிற எனக்கு, மூன்று வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் மாத்திரை என்னவென்று தெரியாமல் போயிற்று. உன்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டென்றால் இது ஒன்றுதான். அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

அதன்பிறகு வந்த மலை நாளில் போவதா வேண்டாமா என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன். வேறு காரணம் இல்லை. மேலே வந்து பார்த்தால் ஆணி சும்மா இருக்கிறது. என்ன மாட்டுவதென்று தெரியாமல் என் மஞ்சப்பையை மாட்டினேன். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. யாரோ பையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தார்களாம். நாலாவது வாரம் மல்லிகாதான் முதலில் வந்தாள். உனக்காக ஒரு முழுப் பலாப்பழம் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குச் சேதி தெரியாது. நான் சொன்னதும் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, உன் நாற்காலியில் உட்காராமல், முதுகில்லாத நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சரி, வருகிறேன், கடைசிப் பக்கத்துக்கு.

போன மாதம் உரிமைப் பத்திரங்கள் வந்துவிட்டன, கொடுக்கிறோம் என்று ஊர்கூட்டி அறிவித்தார்கள். பந்தல், மைக், நாற்காலி எல்லாம் உண்டு. அதிகாரி பெயரைக் கூப்பிடுவார்; போய், பதிவேட்டில் கைநாட்டு வைத்து, பத்திரத்தை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கவேண்டும். வரிசை வேகமாய் நகர்ந்தது. மல்லிகாவின் முறை வந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"படிச்சுக் காட்டுங்க சார். அப்பால வெக்கிறேன்."

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கும். உன் பேருதான் போட்டிருக்கு, பாரு."

"எனக்குப் பாக்கத் தெரியாது சார். கேக்கத்தான் தெரியும்."

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். அதிகாரி நல்ல மனிதர். ஒரு பெருமூச்சோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பெயர் சரி. ஊர் சரி. பரப்பு கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு. அவளுக்கு அது முன்பே தெரியும், 'ம்' என்றாள். வடக்கே ஓடை, 'ம்'. கிழக்கே புளியமரம்.

'ம்' வரவில்லை.

மல்லிகா மெல்லத் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"வக்கீலம்மா, இது உன் மரமாச்சே."

ஆமாம்டி. வாக்குமூலத்தை மாற்றினோம். அதோடு இணைத்த, இரண்டாவது சபையில் யாரும் படித்துப் பார்க்காத எல்லைத் தாளை மாற்றுவது என் பொறுப்பு, 'மாத்திட்டியா டைப்பு?' என்று நீ கேட்டதும் ஞாபகம் இருக்கிறது, 'மாத்திட்டேன்' என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. மாற்றவில்லை. அந்தப் புளியமரம் கோப்புக்குள்ளேயே வேர்விட்டு, கமிட்டி கமிட்டியாக வளர்ந்து, பத்திரத்தில் பூத்துவிட்டது. மேடை ஏறினேன். "சார், தப்பு ஆபீஸ்ல இல்ல, நான் அடிச்ச தாள்ல" என்று மைக்குக்குப் பக்கத்தில் சொல்லிவிட்டேன், மைக் அணைக்கப்பட்டிருக்கவில்லை. சடையப்பன் சிரித்தது எல்லாருக்கும் மேல் கேட்டது. மல்லிகா கைநாட்டு வைக்கவில்லை. பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாமைக்குக் களையெடுக்கப் போய்விட்டாள்.

நான் அந்த மாதம் முழுக்க எழுதிய விண்ணப்பம், சமர்ப்பித்த நகல், ஏறிய மாடிப்படி எல்லாவற்றையும் உனக்குச் சொல்லப்போவதில்லை. ஒரு விண்ணப்பத்திலும் இயற்கை அன்னை வரவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

இன்று திருத்திய பத்திரம் வந்தது. பந்தலும் இல்லை, மைக்கும் இல்லை. இந்த அறையில், இந்த மேஜையில். அதே அதிகாரி. அவராகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேட்பதற்கு முன்பே படித்தார். 'கிழக்கே பலாமரம்' என்று வந்ததும் நிறுத்தி, மல்லிகாவைப் பார்த்தார்.

"ம்" என்றாள்.

அவர் கொண்டுவந்த பேடு காய்ந்திருந்தது. நான் என் ஐந்து ஊதா விரல்களோடு உன் டப்பாவை நீட்டினேன். "மேடம் முதல்லயே வெச்சுட்டீங்க போல" என்றார் அதிகாரி. மல்லிகா கட்டை விரலை வைத்து, தானே உருட்டி, எடுத்தாள். ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. பிறகு அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அந்தம்மா இருந்தா துணி குடுத்திருக்கும்."

என்னிடம் கைக்குட்டை இல்லை. எத்தனையோ விஷயத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன், கைக்குட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆணியில் தொங்கிய என் மஞ்சப்பையை இழுத்து நீட்டினேன். அதில் துடைத்தாள். இனி அந்தப் பையை யாரும் மறந்துவிட்டுப் போன பை என்று நினைக்க முடியாது. நடுவில் மல்லிகாவின் கட்டை விரல் இருக்கிறது.

மணி மூன்றரை. எழுதியதை உனக்குப் படித்துக் காட்டவேண்டுமே, அதனால் இப்போது முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். வாசல்படியில் சடையப்பன் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பல் வந்த இடத்தில் 'ம்'. தன்னைச் சாவே மாட்டேன் என்கிறார் என்று மல்லிகா சொன்ன இடத்திலும் 'ம்'. அதற்கெல்லாம் முன்னால் ஓர் இடத்தில் மட்டும் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, அந்தம்மா கொடை கருப்புன்னா எழுதியிருக்கிற?"

"ஆமா, தாத்தா."

"கருப்பு உன் கோட்டு. அந்தம்மா கொடை பச்சை. நான் எத்தினி வாட்டி கீழ் வழியிலேர்ந்து பாத்துட்டு ஏறி வந்துக்கிறேன்? மரத்துப் பச்சைக்கு நடுவுல அது வேற பச்சை. அதுனாலதான் தெரியும்."

பஸ் ஹாரன் கேட்கிறது. புதிதாக எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. எழுதினாலும் நீ விடமாட்டாய். கோடு போட்டு, மேலே எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்திரத்தின் கடைசியில் எழுதுவோமே, அதை மட்டும் எழுதிவிட்டு ஓடுகிறேன்.

அடித்தல் இல்லை. திருத்தம் ஒன்று: குடை பச்சை.